பழைய மாருதி 800-க்குப் பொருந்தாத பிளக் வயர் செட்: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா,

சென்னையில் உங்கள் விற்பனையாளரிடம் பிளக் வயர் செட் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயர்கள்) ஒன்று வாங்கினேன். பெட்டியில் 'மாருதி 800, கார்புரேட்டர் மாடல்' என்று அச்சிட்டிருக்கிறது. என் வண்டி 1998 மாடல், கார்புரேட்டர்தான். உள்ளே இருந்த வயர்கள் இந்த இன்ஜினுக்கானவை அல்ல.

ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து தள்ளி இருக்கும் சிலிண்டருக்கு வயரின் நீளம் போதவில்லை. இழுத்து மாட்டினால் விறைப்பாக நிற்கிறது, இன்ஜின் அதிர்வில் பிளக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்துவிட்டால் இழுவையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வண்டி குலுங்குவதோடு, எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குப் போகிறது. 1995 ஏப்ரலிலிருந்து சென்னையில் விற்ற புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கருவி) கட்டாயம். அந்தப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் எரிந்தால் அது சூடேறிப் பாழாகிவிடும். அதை மாற்றும் செலவை யார் தருவது?

அடுத்தது கோர், அதாவது வயருக்குள் மின்சாரம் ஓடும் நடுப்பகுதி. கழற்றிய பழைய வயர்கள் கார்பன் கோர், மல்டிமீட்டரில் சில ஆயிரம் ஓம் காட்டுகின்றன. உங்களுடையவை கிட்டத்தட்ட பூஜ்யம், அதாவது வெறும் செம்புக் கம்பி. செம்பு வயரே கூடாது என்று சொல்லவில்லை. ரெசிஸ்டர் பிளக் (ரேடியோ இரைச்சலை அடக்க உள்ளேயே மின்தடை வைத்த பிளக்) போட்ட வண்டியில் அது நன்றாகவே ஓடும். என் வண்டியில் ரெசிஸ்டர் இல்லாத பிளக். அதனால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ரேடியோவில் இரைச்சல் ஏறுகிறது. பெட்டியில் கோர் பற்றி ஒரு வார்த்தையாவது இருந்திருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், "எல்லா 800-க்கும் ஒரே செட்தான் சார்" என்றார். அப்புறம் வந்த 12 வால்வு எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) மாடலின் ஹெட்டே, அதாவது பிளக்குகள் பொருந்தும் இன்ஜின் மேல்பகுதியே, வேறு. வயர் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

2014-இல் 800-இன் உற்பத்தியே நின்றுவிட்டது. இன்னும் அதை ஆசையாக வைத்து ஓட்டுகிறவர்கள் பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பித்தான் பொருள் வாங்குகிறோம்.

என் பணத்தை முழுதாகத் திருப்பித் தாருங்கள். ஒவ்வொரு வயரின் நீளம், கோர், மீட்டருக்கு எத்தனை ஓம், மேலுறை சிலிக்கானா பி.வி.சி.யா என்பதை இனிப் பெட்டியில் அச்சிடுங்கள். பில் நகலையும், டேப் வைத்து அளந்த படங்களையும் இணைத்திருக்கிறேன். 15 நாளில் பதில் வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்