பிரான்ஸின் லீல் நகரில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கேக் படம் வந்தது. அம்மா போனை எடுத்துக்கொண்டு போய்த் தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். அடியில் பாதாம் பிஸ்கட், நடுவில் பழக்கூழ், சுற்றிலும் நுரைபோன்ற மூஸ், எல்லாவற்றையும் கல்லாக உறையவைத்து, மேலே அந்தக் கண்ணாடிப் பூச்சை ஒரே ஊற்றாக ஊற்றவேண்டும் என்று எழுதியிருந்தாய். இங்கே தோசைமாவு கரைக்கச் சொன்னாலே ஓடியவன் நீ. சரி, விடு.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? கேக்கைச் சொல்லவில்லை, சோற்றைச் சொல்கிறேன்.

அந்தக் கேக்குக்குப் பெயர் ஆந்த்ரமே என்று எழுதினாய். பிரெஞ்சு வாத்தியார் நான் சும்மா இருப்பேனா? அந்தக் காலத்து விருந்தில் ஒரு பரிமாறலுக்கும் அடுத்ததற்கும் நடுவே வருவதுதான் அது. தின்பண்டமாகவும் வரும், பாட்டும் கூத்துமாகவும் வரும், இரண்டுக்கும் பெயர் அதேதான். அதன் உச்சம் உன் லீலிலேயே நடந்தது. 1454 பிப்ரவரி 17, பர்கண்டி பிரபு பிலிப் வைத்த ஃபெசன்ட் விருந்து. ஒரு மேஜைமேல் பிரம்மாண்டமான பேஸ்ட்ரிக் கூடு, உள்ளே 28 பேர் உட்கார்ந்து வாத்தியம் வாசித்தார்கள். இன்னொரு மேஜையில் மணியோடு ஒரு மாதாகோயில், அதற்குள் பாடகர்கள். இங்கே ஒன்று முடிந்தால் அங்கே ஒன்று. கடைசியில் கழுத்தில் ரத்தினமாலை போட்ட உயிருள்ள ஃபெசன்ட் பறவையைக் கொண்டுவந்தார்கள். முந்தின வருஷம் துருக்கியரிடம் போன கான்ஸ்டாண்டிநோபிளை மீட்போம் என்று அதன் முன்னால் சபதம் போட்டார்கள். பிலிப் கடைசிவரை அங்கே போய்ச் சேரவில்லை. நீ பொங்கலுக்கு வருகிறேன் என்றாயே, அதை நான் இதோடு சேர்க்கவில்லை.

வேலைக்கு நடுவே கொஞ்சம் பாட்டு, பேச்சு, யாரோடாவது உட்கார்ந்து ஒரு காப்பி, இதெல்லாம் இருக்கவேண்டும். சாப்பாடும் நேரத்துக்கு வேண்டும்.

கேக் பத்துப் பேருக்குப் போதும் போலிருக்கிறது. ஆனால் படத்தில் ஒரு தட்டு, ஒரு கரண்டி. போன வருஷப் படங்களில் ஓரமாக இன்னொரு கை இருக்கும், நீல வளையல் போட்ட கை. அம்மா கவனிக்கவில்லை என்று நினைக்காதே. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

எதிர்வீட்டுப் பையன் அடுத்த வாரம் பாரிஸ் வருகிறான். அவனிடம் கொடுத்தனுப்ப அம்மா விவிக்கம் கேக் செய்கிறாள். ரம்மில் பழம் ஊறிக்கொண்டிருக்கிறது. ஒரு டப்பாவா, வழக்கம்போல இரண்டா? அதை மட்டுமாவது உடனே எழுது. அப்புறம், சாப்பாட்டை விடாதே.

அப்பா