குதிரைப் பந்தய ஆய்வுச் சங்கம்: செயலாளரின் 2025ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரின் கிராஞ்சிப் பந்தய மைதானத்தில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தபோது, நம் சங்கத்தையும் அன்றோடு கலைத்துவிடலாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். 1842இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பந்தய மன்றமே ஓட்டத்தை நிறுத்திவிட்ட பிறகு, காப்பிக்கடை மேசையில் நேரக்கணக்குப் பார்க்கும் பதினான்கு பேருக்கு என்ன வேலை என்பது என் வாதம். அந்த வாதம் பொய்த்துப்போனது. இந்த ஆண்டில் 21 கூட்டங்கள் நடந்திருக்கின்றன. கிராஞ்சி இருந்த காலத்தில்கூட இத்தனை முறை கூடியதில்லை. உள்ளூர்க் குதிரை இல்லாததால் உள்ளூர் வதந்தியும் இல்லை. ‘லாயத்தில் ஒருவன் சொன்னான்’ என்று தொடங்கும் பேச்சு அறவே நின்றுபோனது. ஹாங்காங் பந்தயங்களும் அமெரிக்காவின் பெரிய பந்தயங்களும்தான் இனி நம் பாடம் என்று ஜனவரியில் முடிவெடுத்தோம். ஓட்டப் பதிவும் நேரப் பட்டியலும் உள்ள பந்தயத்தைப் பற்றி மட்டுமே பேசுவது என்பது அன்று போட்ட விதி.

புதிதாகச் சேர்ந்த இருவருக்காக ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். சங்கத்தின் பெயரிலோ சங்கப் பணத்திலோ யாரும் பந்தயம் கட்டுவதில்லை. நம் கணிப்பெல்லாம் நோட்டுப் புத்தகத்தில்தான். அந்த நோட்டின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு பிழைதிருத்தம். மார்ச் மாதச் சுற்றறிக்கையில் நான் எழுதிய கணக்கு ஒன்று தவறு. எப்படித் தவறு என்பதுதான் இந்த ஆண்டு நாம் படித்ததிலேயே பெரிய பாடம் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2022ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பியை நாம் மூன்று கூட்டங்களில் பார்த்தோம். ஒன்றேகால் மைல், இருபது குதிரைகள். முன்னே பாய்ந்த சம்மர் இஸ் டுமாரோ கால் மைலை 21.78 விநாடியில் கடந்தது. டெர்பி வரலாற்றில் அதைவிட வேகமான தொடக்கம் இல்லை. அரை மைல் 45.36. முக்கால் மைல் 1:10.34. முடிவு 2:02.61. முன்னே ஓடிய அந்தக் குதிரை கடைசியாக, இருபதாவதாக வந்தது. அதைத் துரத்தி ஓடிய ஜப்பானியக் குதிரை கிரௌன் பிரைடு பதின்மூன்றாவது. வென்றது ரிச் ஸ்டிரைக். முந்தைய நாள் காலையில் வேறொரு குதிரை விலகியதால் உள்ளே வந்தது. ஒரு காலத்தில் 30,000 டாலருக்குக் கைமாறியது. தொடக்கக் கேட்டுகளில் ஆகக் கடைசி வெளிக்கேட்டில் நின்றது. விலை, அதாவது வென்றால் கட்டிய பணத்துக்குக் கிடைப்பது, ஒன்றுக்கு எண்பது. கூட்டத்தின் வாலில் கிடந்து, வளைவில் உள்வேலியை ஒட்டி ஏறி, நேர்பாதையில் ஒரு குதிரையைச் சுற்றிக்கொண்டு மறுபடி வேலிக்கே வந்து, முக்கால் குதிரை நீளத்தில் எபிசென்டர் என்ற குதிரையைத் தாண்டியது.

இனி என் பிழை. முழு நேரத்திலிருந்து முக்கால் மைல் நேரத்தைக் கழித்தால் 52.27 வருகிறது. 1973 டெர்பியில் செக்ரட்டேரியட் என்ற குதிரை கடைசி அரை மைலை ஓடியது 46.4 விநாடியில். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ‘ரிச் ஸ்டிரைக் ஆறு விநாடி மெதுவான குதிரை’ என்று எழுதிவிட்டேன். சுற்றறிக்கை போன மறுநாளே பொருளாளர் தொலைபேசியில் கேட்டார்: “முக்கால் மைலில் கடிகாரம் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஐயா?”

கடிகாரம் முன்னே போன குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அமெரிக்க நேரப் பட்டியலில் இடையில் வரும் எண்கள் அந்தந்தக் கம்பத்தில் முதலில் இருந்த குதிரையின் நேரங்கள். முக்கால் மைலில் ஒரு குதிரையின் நேரத்தை எடுத்து, முடிவில் வேறொரு குதிரையின் நேரத்திலிருந்து கழித்தால் கிடைக்கும் எண் எந்தக் குதிரையுடையதும் அல்ல. வென்ற குதிரை அந்தக் கம்பத்தில் பத்து நீளம் பின்னால் இருந்தது என்று வைத்துக்கொண்டாலே, விநாடிக்கு ஐந்தாறு நீளம் என்ற வழக்கமான கணக்கில் ஏறக்குறைய இரண்டு விநாடியை அதற்குத் திருப்பித் தரவேண்டும். செக்ரட்டேரியட்டுக்கு நான் எடுத்ததோ அதன் சொந்த நேரம்: 25.2, 24, 23.8, 23.4, 23. ஒவ்வொரு கால் மைலும் முந்தையதைவிட வேகம். ஒன்றில் பந்தயத்தின் நேரம், மற்றதில் குதிரையின் நேரம். பலாப்பழத்தையும் பலாக்கொட்டையையும் ஒரே தராசில் வைத்த கதை. சுற்றறிக்கையின் அந்தப் பத்தியை நீக்கியதாகக் கொள்ளுங்கள்.

ஆனால் பந்தயத்தின் நேரம் என்ற அளவில் அந்த எண்கள் பொய் சொல்லவில்லை. முதல் அரை மைல் 45.36, கடைசி அரை மைல் 52.27 என்றால் முன்னால் போனவை மூச்சை முதலிலேயே செலவழித்துவிட்டன என்று பொருள். ரிச் ஸ்டிரைக்கின் வெற்றியை அந்தச் சரிவிலிருந்து பிரித்துப் பார்க்கக்கூடாது. அதே குதிரை ஐந்து வாரம் கழித்து பெல்மான்ட் பந்தயத்தில் ஆறாவதாக வந்ததை யாரும் மறக்கவேண்டாம். முன்வேகம் கொன்றுபோட்ட பந்தயத்தில் பின்னாலிருந்து வந்து வென்ற குதிரைக்கு அடுத்த முறை ஒரு மதிப்பெண் குறைவாகவே போடுவது என்று ஏப்ரல் கூட்டத்தில் தீர்மானித்தோம். அதே பந்தயத்தில் முன்வேகத்துக்கு அருகிலேயே இருந்துவிட்டு, தோற்றாலும் நொறுங்காமல் வந்த குதிரைக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

இதற்கு விதிவிலக்கே இல்லையா என்று புதிய உறுப்பினர் கேட்டார். இருக்கிறது, அதன் பெயரும் செக்ரட்டேரியட்தான். 1973 பெல்மான்டில் ஷாம் என்ற குதிரையோடு தோளுக்குத் தோள் நின்று அரை மைலை 46.2, முக்கால் மைலை 1:09.8 என்று ஓடியது. ஒன்றரை மைல் பந்தயத்தில் அது தற்கொலை. ஷாம் ஐந்தில் கடைசியாக வந்தது. செக்ரட்டேரியட் 2:24இல் முடித்து 31 நீளத்தில் வென்றது. அந்த மாதிரிக் குதிரை வந்தால் நம் மதிப்பெண் முறை செல்லாது. அடுத்த குழு அதைத் திருத்திக்கொள்ளட்டும்.

அடுத்து வழிப்பாடு. ரேஸ் உலகத்தில் ‘டிரிப்’ என்பார்கள். நம் நோட்டில் இப்படித்தான் எழுதுகிறோம். எந்த வரிசையில் ஓடியது, முன்னே காற்றுக்கு மறைப்பு இருந்ததா, வழி அடைபட்டதா, கேட்டில் தடுமாறியதா என்பதெல்லாம் இதில் சேரும். வளைவில் வெளி வரிசையில் ஓடும் குதிரை எவ்வளவு அதிகம் ஓடுகிறது என்பதில் ஜூன் மாதம் ஒரு சண்டையே வந்தது. பெரிய மைதானத்தில் வளைவு பெரிது, ஆகவே இழப்பும் பெரிது என்றனர் சிலர். மின்பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒன்றும் பேசாமல் கயிறும் சாக்குக்கட்டியும் கொண்டுவந்தார். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஆறடி ஆரத்தில் ஓர் அரைவட்டம், அதற்கு மூன்றடி வெளியே இன்னொன்று. கயிற்றைப் படியவைத்து இரண்டையும் அளந்தால் வித்தியாசம் ஒன்பதரை அடிக்குச் சற்றுக் குறைவு. பிறகு பன்னிரண்டடி ஆரத்தில் அதே வேலை. வித்தியாசம் அதே ஒன்பதரை அடி. ஆரம் எவ்வளவு வளர்ந்தாலும் மூன்றடியைப் பை (π) என்ற எண்ணால் பெருக்கிய தொகை மாறாது. ஒரு குதிரையின் நீளம் சுமார் எட்டடி. ஆக, ஒரு வரிசை வெளியே ஓடினால் ஒரு முழு அரைவட்ட வளைவுக்கு ஒரு நீளத்துக்குச் சற்று அதிகம் போகிறது. தரையில் கோடு போட்டதற்காகத் துப்புரவு செய்யும் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்; தண்ணீர் ஊற்றிக் கழுவியது செயலாளர்தான் என்பதும் பதிவாகட்டும்.

தூரம் மாறாது என்பதால் வளைவுகளெல்லாம் ஒன்று என்று ஆகிவிடாது. ஹாங்காங்கின் ஹாப்பி வேலி மைதானத்தில் வளைவு நெருக்கம், கடைசி நேர்பாதை 310 மீட்டர் அளவுதான். அங்கே வெளியே மாட்டிய குதிரைக்கு இழந்ததை மீட்க இடமில்லை. அவர்களின் இன்னொரு மைதானமான ஷா டின்னின் புல்தரையில் 430 மீட்டர் இருக்கிறது. தவிர, உள்வேலியை நகர்த்தி நகர்த்தி வைக்கிறார்கள். அன்று வேலி எங்கே இருந்தது என்று பார்க்காமல் கேட் எண்ணைப் பற்றிப் பேசுவது வீண் என்பது என் கருத்து. ஹாங்காங்கில் ஒரு பெரிய சௌகரியம், ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனியாகப் பகுதி நேரங்களைத் தருகிறார்கள். என் மார்ச் மாதப் பிழையை அங்கே செய்யவே முடியாது. அந்தப் பட்டியலைப் பழகிய கண்ணுக்கு அமெரிக்கப் பட்டியல் பாதி இருட்டாகத்தான் தெரிகிறது.

இப்போது நோட்டின் கதை. மே, ஜூன் மாதங்களில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் காலை ஏழு மணிக்கு, அமெரிக்காவின் டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் பந்தயங்களைப் பார்க்கக் காப்பிக்கடையில் கூடினோம். அங்கே சனிக்கிழமை மாலை, நமக்கு ஞாயிறு காலை. டெர்பியில் சேற்றுத் தரையில் சாவரின்டி என்ற குதிரை வென்றது. ஜர்னலிசம் ஒன்றரை நீளத்தில் இரண்டாவது. இரண்டு வாரம் கழித்து பிரீக்னஸ். சாவரின்டி வரவில்லை. நேர்பாதையில் ஜர்னலிசம் இரண்டு குதிரைகளுக்கு நடுவே நெருக்குண்டு, இடிபட்டு, வழியைப் பிளந்து வெளியே வந்தபோது காஸ்கர் என்ற குதிரை பல நீளம் முன்னால் போய்விட்டிருந்தது. அதையும் பிடித்து அரை நீளத்தில் வென்றது. மேசையில் இருந்த தேநீர்க் குவளைகள் கவிழ்ந்தன. பக்கத்து மேசைச் சீனத் தாத்தா எழுந்து நின்று கைதட்டினார்.

விளைவு என்ன? பெல்மான்டுக்கு நம் நோட்டில் பதினொரு பேர் ஜர்னலிசத்தின் பெயரை எழுதினார்கள். ‘அவ்வளவு இடிபட்டும் வென்றது, வழி கிடைத்தால் கேட்கவா வேண்டும்’ என்பதே எல்லாருடைய காரணமும். சாவரின்டி மூன்று நீளத்தில் வென்றது. டெர்பியில் ஜர்னலிசத்தை முறையாக வென்ற குதிரை ஐந்து வாரம் ஓய்வெடுத்துவிட்டு நிற்கிறது என்பதை, இடிபட்ட காட்சி நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. நானும் அந்தப் பதினொருவரில் ஒருவன்.

ஆண்டு முழுவதும் நோட்டைப் புரட்டினால் இதே நோய்தான் தெரிகிறது. முன்வேகக் கணக்கில் தேறியிருக்கிறோம். வழிப்பாட்டில் இரக்கப்படுகிறோம். பிடித்த குதிரை தோற்றால் ‘வழி அடைபட்டது’ என்று நாலு வரி. பிடிக்காத குதிரைக்கு அதே இடைஞ்சல் வந்தால் ஒரு வரிகூட இல்லை. வழி அடைபட்டதை நாம் மட்டும் பார்க்கவில்லை, ஊர் முழுக்கப் பார்த்தது. ஆகவே அடுத்த முறை அந்தக் குதிரையின் விலை ஏற்கெனவே குறைந்திருக்கும். ஆளுக்கு நூறு வெள்ளி என்று காகிதத்தில் தொடங்கியவர்களில் டிசம்பரில் நூறுக்கு மேல் நின்றவர்கள் இருவரே. ஹாங்காங்கிலும் டெர்பி நடக்கும் சர்ச்சில் டவுன்ஸிலும் ‘வின்’ எனப்படும், முதலாவதாக வரும் குதிரைமேல் கட்டும் பந்தயத்தில் நூற்றுக்குப் பதினேழரை முதலிலேயே பிடித்துக்கொள்கிறார்கள் என்பதைச் சேர்த்து எண்ணினால் இதில் வியப்பில்லை. நிஜப் பணம் கட்டத் துடிக்கும் இளைய உறுப்பினர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவேண்டும்.

புக்கிட் தீமா காலத்தில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக, வேலை பார்த்த நம் மூத்த உறுப்பினரை மட்டும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விலக்கிவைக்கிறேன். 2010இல் பத்தொன்பது வெற்றிக்குப் பிறகு செனியாட்டா என்ற பெண்குதிரை தோற்ற ஒரே பந்தயத்தை ஆகஸ்டில் போட்டுப் பார்த்தோம். வெகு தூரம் பின்தங்கி, கடைசியில் ஒரு தலை அளவில் பிளேம் என்ற குதிரையிடம் தோற்றது. ஜாக்கி மைக் ஸ்மித் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு கண்கலங்கினார். எல்லாரும் ஜாக்கி தாமதித்தாரா என்று வாதாடிக்கொண்டிருக்க, அந்த மூத்த அண்ணன் முதல் கால் மைலை மட்டும் நான்கு முறை திருப்பிப் போடச் சொன்னார். “காதைப் பாருங்கள். மூஞ்சியில் மண் அடிக்கிறது, அதற்குப் பிடிக்கவில்லை. ஜாக்கி என்ன செய்வான்?” அந்தக் குதிரை பெரும்பாலும் செயற்கைத் தளத்தில் ஓடிப் பழகியது என்பதைப் பிறகுதான் நான் தேடிப் பார்த்தேன். அவரோ பட்டியலைத் தொடவே இல்லை.

வரவு செலவு: முன்னிருப்பு 58.40 வெள்ளி, சந்தா 336 வெள்ளி, செலவு 311.20 வெள்ளி, கையிருப்பு 83.20 வெள்ளி. செலவில் பெரும்பகுதி அறை வாடகை. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு முன்மொழிவு. வழிப்பாட்டுக் குறிப்பை இனி முடிவு தெரியாமல் எழுதவேண்டும். பதிவை நேர்பாதையின் பாதியில் நிறுத்திவிடுவோம். குதிரையின் பெயர் வேண்டாம், சேணத் துணியில் உள்ள எண் மட்டும். எழுதி மடித்துப் பொருளாளரிடம் கொடுத்த பிறகே மீதி ஓட்டம். இதற்கு வாக்கெடுப்பு இன்று நடக்கும்.

கடைசியாக, சங்கத்தின் ஸ்டாப்வாட்ச் அக்டோபரிலிருந்து காணவில்லை. யார் வீட்டில் இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடவும், கேள்வி கேட்கமாட்டோம்.

செயலாளர்