நீர் மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவது? மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 29 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி, அதில் பாதிக்கு மேல் இதய நோய் வார்டுகளில் கழித்து, இப்போது தண்டையார்பேட்டையில் ஓய்வில் இருக்கிறேன். இதயச் செயலிழப்போடு, அதாவது இதயம் பலவீனமாகி இரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாத நிலையோடு, சேர்க்கப்பட்டுத் தேறி வீடு திரும்பும் ஒவ்வொரு நோயாளிக்கும், டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஒரு செவிலியரின் அரை மணி நேரம் முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் அண்ணன் மூச்சிரைப்போடு ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதன் பெயர் இங்கே தேவையில்லை. சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மருந்தை ஊசி வழியாக ஏற்றி, கால் வீக்கம் வடிந்து, ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த தாளில் ஒன்பது மாத்திரைகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. உப்பைக் குறைக்குமாறு வாய்மொழியாகச் சொன்னார்களாம். நான் அப்போது மகளின் பேறுகாலத்துக்காகக் கோவையில் இருந்தேன். அண்ணி சாம்பாரில் உப்பைக் குறைத்தார், ஆனால் காலைக் கஞ்சிக்கு நெத்திலிக் கருவாடு வழக்கம்போல் வந்தது. எங்கள் பக்கத்தில் கருவாட்டையும் அப்பளத்தையும் ஊறுகாயையும் யாரும் உப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டிருக்கிறார். அந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆறாம் நாள் தெருமுனைக் காயலான் கடைத் தராசில் விளையாட்டாக ஏறி நின்றபோது மூன்று கிலோ கூடியிருந்தது. "உடம்பு தேறுது" என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்திருக்கிறார்கள். ஒன்பதாம் நாள் நள்ளிரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொண்டார். கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே ஆட்டோவில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததைப் பற்றி அண்ணி இன்றும் பேச விரும்புவதில்லை.

அந்த மூன்று கிலோவும் தண்ணீர். பலவீனமான இதயம் இரத்தத்தைத் தள்ள முடியாதபோது சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைக்கிறது. கால் வீங்கி மூச்சு முட்டுவதற்குச் சில நாட்கள் முன்பே பெரும்பாலும் எடை ஏறத் தொடங்கிவிடுகிறது. மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினாலே மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பது இத்துறையில் அனைவரும் அறிந்த விதி. காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே தராசில் எடை பார்த்துக் காலண்டரில் குறித்து வைப்பதுதான் செய்ய வேண்டிய வேலை. அண்ணன் ஐந்தாம் வகுப்புப் படித்தவர். அவரால் இதைச் செய்திருக்க முடியும்.

குற்றம் சாட்ட எனக்குத் தகுதி குறைவு. டிஸ்சார்ஜ் தாளை நீட்டி, கையெழுத்து வாங்கி, "மாத்திரையை விடாம போடுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நானும் எத்தனையோ முறை ஓடியிருக்கிறேன். கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். எத்தனை இரவுப் பணிகளில் அதை நான் கண்ணால் கண்டேன் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிவிடலாம். 2015 முதல் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்ட செவிலியர்கள் நிரந்தரத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. ஆள் குறையும்போது முதலில் கைவிடப்படுவது நோயாளியோடு உட்கார்ந்து பேசும் வேலைதான், ஏனென்றால் அதற்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டம் இல்லை.

அந்தப் பேச்சில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் மீன் வாங்கித் தெருவில் விற்பவர். ஒரே ஆண்டில் மூன்றாவது முறையாக வீங்கிய கால்களோடு சேர்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மீது கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. மாத்திரையைச் சரியாகப் போடாதவர் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. அன்று வார்டு எப்படியோ ஓய்ந்திருந்ததால் பக்கத்தில் உட்கார்ந்து காரணம் கேட்டேன். "காலையில நீர் மாத்திரை போட்டா ஒரு மணி நேரத்துல ஓடணும் சிஸ்டர். ஏலத்துல நிக்கிறப்போ எங்க போயி ஒதுங்குறது?" என்றார். விடியுமுன் துறைமுகம், பிறகு தலையில் கூடை, பதினோரு மணிக்குத்தான் வீடு, அங்கும் ஆறு குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை. மருத்துவரிடம் சொல்லி, வீடு திரும்பியதும் மாத்திரையைப் போடும்படி நேரத்தை மாற்றினோம். நான் பணியில் இருந்த அடுத்த பதினான்கு மாதங்களில் அவர் அந்த வார்டுக்கு மீண்டும் வரவில்லை. அந்தக் கேள்விக்கு ஆன செலவு பத்து நிமிடம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் என மொத்தம் 14 மாத்திரைகளை உடனே கொடுக்கும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023இல் வந்தது, நல்ல திட்டம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டு செல்கிறது. ஆனால் இதயச் செயலிழப்பு நோயாளி மீண்டும் சேர்க்கப்படும் அபாயம் மிக அதிகமாக இருப்பது வீடு திரும்பிய முதல் சில வாரங்களில். அந்த வாரங்களில் அவர் யார் கணக்கிலும் இல்லை.

ஆகவே, வடசென்னையின் அரசு மருத்துவமனைகளில் இதய நோய் வார்டு ஒவ்வொன்றிலும் ஒரு செவிலியரை டிஸ்சார்ஜ் பணிக்கென்றே நியமித்து, வேறு வார்டில் ஆள் இல்லை என்று அவரை இழுத்துக்கொள்ளக் கூடாது என ஆணையிலேயே எழுத வேண்டுகிறேன். (எழுதாவிட்டால் இரண்டாவது வாரமே இழுத்துவிடுவார்கள், நானே இழுத்திருக்கிறேன்.) கேட்டதை நோயாளியும் வீட்டில் சமைப்பவரும் தங்கள் வாயால் திருப்பிச் சொல்லும் வரை அவர் விடக்கூடாது. மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் தொலைபேசியில் எடையைக் கேட்க வேண்டும். எடை கூடியிருந்தால் புறநோயாளிச் சீட்டு வரிசையில் நிற்க வைக்காமல் மருத்துவரிடம் நேரே அனுப்பும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் எடைக்கருவியை வாங்க இயலாத வீடுகளுக்கு, மக்களைத் தேடி மருத்துவப் பணியாளர் வாரம் இரு முறை அதை எடுத்துச் சென்றாலும் போதும்.

பயிற்சி கொடுக்க ஆள் இல்லை என்று கோப்பில் குறிப்பு எழுதப்படும் என்பதை அனுபவத்தால் அறிவேன். வாரத்தில் இரண்டு காலைகள், ஊதியமின்றி, எந்த வார்டுக்கும் வரத் தயாராக இருக்கிறேன். என்னோடு ஓய்வுபெற்ற இன்னும் நான்கு பேரும் சம்மதித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.