தம்பி, 25ஆம் தேதி லண்டனுக்கு வராதே

அன்புள்ள தம்பிக்கு,

லண்டனுக்குப் பக்கத்து ஊரான ரீடிங்கிலிருந்து சித்தி, சித்தப்பா, பிள்ளைகளோடு டிசம்பர் 25 அன்று ஒரு நாள் லண்டன் வந்து கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்க்கலாமா என்று கேட்டு நீ அனுப்பிய எக்செல் அட்டவணையைப் பார்த்தேன். காலை 9 மணிக்கு பக்கிங்ஹாம் அரண்மனை, 10 மணிக்கு பிக் பென், 11 மணிக்கு லண்டன் ஐ என்று ஆரம்பித்து, இரவு 8 மணிக்கு ஹைட் பார்க் ராட்டினத்தில் முடிகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி நிறம் வேறு. சித்தியின் முழங்காலுக்கு மட்டும் எந்தக் கட்டத்திலும் இடமில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது இதையே என்னிடம் கேட்கிறார்கள், அதனால் பதிலைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முதலில் தேதி. ஆபீஸ் லீவு என்பதால் 25 என்று போட்டிருக்கிறாய். அன்று இந்த ஊரில் ரயில், ட்யூப் என்கிற நிலத்தடி ரயில், டவுன் பஸ் எதுவுமே ஓடாது. தீபாவளியன்றும் பஸ் ஓடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு நம்பவே கஷ்டமாக இருக்கும். ரீடிங்கிலிருந்து நீ கிளம்பவே முடியாது. 26ஆம் தேதி லண்டனுக்குள் கொஞ்சம் போக்குவரத்து இருக்கும், வெளியூர் ரயில் பெரும்பாலும் இருக்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம், தி.நகர் கூட்டத்தில் கோட்டு போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி இருக்கும். ஆக, 24க்கு முன்னால் ஒரு வார நாள், இல்லையென்றால் 27க்குப் பிறகு. பின்னதில் ஒரு சிக்கல்: அந்த வாரத்தில்தான் ரயில்வே பெரிய தண்டவாள வேலைகளை வைத்துக்கொள்வார்கள். நீங்கள் வந்து இறங்கும் லண்டன் பாடிங்டன் ஸ்டேஷன் வரை ரயில் வருகிறதா என்று பார்க்காமல் தேதி குறிக்காதே.

அப்புறம் நேரம். டிசம்பர் கடைசியில் இங்கே காலை 8 மணிக்குத்தான் விடிகிறது, மாலை 4 மணிக்குள் சூரியன் போய்விடுகிறது. அதனால்தான் நீ காலை 9 மணிக்கே எல்லாரையும் ஓட வைக்கப் பார்க்கிறாய். நான் சொல்வது நேர்மாறு. நீங்கள் வருவது விளக்குகளைப் பார்க்க. இருட்டு சீக்கிரம் வந்தால் நல்லதுதானே? காலையில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு 11 மணிக்கு மேல் கிளம்புங்கள். நான்கு மணி வரை கதகதப்பான இடத்தில் உட்காருங்கள். அதன் பிறகு இரண்டு, இரண்டரை மணி நேரம் விளக்குகள். பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். பிக் பென்னும் அரண்மனையும் ஜூன் மாதத்திலும் அங்கேயேதான் இருக்கும்.

ரீடிங்கிலிருந்து லண்டனுக்குள் எலிசபெத் லைன் என்ற ரயில் நேராகவே வருகிறது, ஆனால் மெதுவாக வரும், அந்த ரயிலில் கழிப்பறையும் கிடையாது. சித்தப்பாவை வைத்துக்கொண்டு அந்தச் சோதனை எதற்கு? வேக ரயிலில் பாடிங்டன் வந்து, அங்கே எலிசபெத் லைனுக்கு மாறு. லிஃப்ட் இருக்கிறது. டிக்கெட்டுக்குப் பதிலாகத் தட்ட ஆளுக்கொரு பேங்க் கார்டு வேண்டும். ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. 11 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு லண்டன் பஸ்ஸிலும் ட்யூபிலும் பெரியவர்களோடு வந்தால் இலவசம். பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள், சித்தப்பா சில்லறையோடு நிற்க வேண்டாம் என்று சொல்லிவிடு.

டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இறங்கி, சித்திக்கு முடிந்தால் மெதுவாக நடந்து, முடியாவிட்டால் டாக்ஸி பிடித்து, டிரஃபால்கர் சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அங்கே செயின்ட் மார்ட்டின் தேவாலயத்துக்கு அடியில் நிலவறையில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. சூடான சூப், ரொட்டி, சைவத்துக்கும் ஏதாவது கிடைக்கும், உட்கார நாற்காலி உண்டு. தரையில் பதித்திருப்பவை பழைய கல்லறைக் கற்கள். சித்தி சாப்பிட்டு முடிக்கும்வரை அதைச் சொல்லித் தொலைக்காதே.

சாப்பிட்ட கையோடு பக்கத்திலேயே நேஷனல் கேலரி என்ற ஓவியக் கூடம். நுழைய காசு கிடையாது, பெஞ்சுகள் உண்டு, சுத்தமான கழிப்பறை உண்டு. 24 முதல் 26 வரையும் ஜனவரி 1 அன்றும் மூடியிருக்கும், அவ்வளவுதான். இயேசு பிறப்பை வரைந்த பழைய ஓவியங்கள் நிறைய இருக்கின்றன. பிள்ளைகளை மாடு, கழுதை, ஆட்டுக்குட்டி எண்ணச் சொல், ஒரு மணி நேரம் போய்விடும்.

நான்கு மணிக்கு வெளியே வந்தால் சதுக்கத்தின் நடுவில் மரம் ஒளிர்ந்துகொண்டிருக்கும். இந்த மரத்துக்காகத்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். 1940இல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தபோது அந்நாட்டு மன்னர் ஏழாம் ஹாக்கோன் தப்பி லண்டனுக்கு வந்தார். போர் முடியும்வரை அவருடைய அரசு இங்கிருந்துதான் நடந்தது. அந்த நன்றிக்கு ஆஸ்லோ நகரம் 1947 முதல் வருடாவருடம் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்றை அனுப்பிவைக்கிறது. ஐம்பது, அறுபது வருடமோ அதற்கு மேலோ வளர்ந்த மரம், 20 மீட்டருக்கு மேல் உயரம், கடல் கடந்து வருகிறது. விளக்குச் சரங்களை நார்வே வழக்கப்படி மேலிருந்து கீழே நேராகத் தொங்கவிடுவார்கள். மின்னுகிற உருண்டை, பொம்மை எதுவும் இருக்காது. 'என்ன இது, நோஞ்சான் மரமாக இருக்கிறதே' என்று லண்டன்காரர்களே கேலி செய்வார்கள். எனக்கு இந்த ஊரின் அத்தனை அலங்காரங்களிலும் இதுதான் பிடிக்கும். சித்தப்பாவுக்கு இந்தக் கதையைச் சொல், அரைமணி நேரம் நின்று பார்ப்பார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் மாலையில் மரத்தடியில் பாட்டுக் குழுக்கள் பாடி, ஏதாவது தர்ம காரியத்துக்கு உண்டியல் குலுக்கும். 27க்குப் பிறகு வந்தால் மரம் இருக்கும், பாட்டு இருக்காது. அதனால்தான் நான் முந்தைய வார நாளை விரும்புகிறேன்.

அங்கே கடைகளும் போட்டிருப்பார்கள். காகிதக் கோப்பையில் ஆவி பறக்க, கிராம்பும் பட்டையும் மணக்க ஒன்று விற்பார்கள். மசாலா டீ என்று நினைத்து சித்தி வாங்கிவிடப் போகிறார், அது ஒயின். மின்ஸ் பை என்ற பெயரைப் பார்த்துக் கறி என்று பயப்பட வேண்டாம், உள்ளே உலர்ந்த பழங்கள்தான். ஆனால் பழைய முறையில் செய்தால் மாட்டுக் கொழுப்பு சேரும், பிராந்தியும் சேரலாம், கேட்டு வாங்கு. பிள்ளைகள் கூட்டத்தில் தவறினால் சந்திக்க ஓர் இடம் சொல்லி வை. 'சிங்கத்துக்குப் பக்கத்தில்' என்று சொல்லிவிடாதே, அங்கே நான்கு சிங்கங்கள், பார்க்க ஒரே மாதிரி.

அங்கிருந்து 139 பஸ். பிக்கடில்லி சர்க்கஸ், ரீஜன்ட் தெரு வழியாகப் போகும். மாடியில் முன்சீட் பிடி. ரீஜன்ட் தெருவில் தலைக்கு மேலே விளக்கால் செய்த தேவதைகள் சிறகு விரித்துக்கொண்டு வரிசையாக நிற்கும். பஸ் ஆமை வேகத்தில்தான் நகரும், அதற்காகத்தான் ஏறச் சொல்கிறேன். இரண்டு பவுண்டுக்கும் குறைந்த டிக்கெட்டில் இதைவிட நல்ல சவாரி கிடையாது. சித்தியால் மாடி ஏற முடியாவிட்டால் கீழே ஜன்னலோரம் போதும். வலது பக்கம் ஹேம்லீஸ் பொம்மைக் கடை வரும். அந்த நேரத்தில் அதற்குள் போனால் நீ அன்று வெளியே வர மாட்டாய், பிள்ளைகளை இடப்பக்கம் உட்கார வை.

ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸில் இறங்கினதும் எதிரே தெரியும் ட்யூப் நிலையத்துக்குள் போகாதே. கூட்டம் அதிகமானால் வாசலையே மூடிவிடுவார்கள். கொஞ்சம் நடந்தால் ஹானோவர் ஸ்கொயர். பாண்ட் ஸ்ட்ரீட் எலிசபெத் லைன் நிலையத்துக்கு அங்கே ஒரு வாசல் இருக்கிறது, லிஃப்ட்டோடு. பலருக்குத் தெரியாது.

ஹைட் பார்க்கில் நடக்கும் வின்டர் வொண்டர்லேண்ட் என்ற கிறிஸ்துமஸ் பொருட்காட்சியை நான் வெட்டிவிட்டேன். நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும், உள்ளே ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிக் காசு, மழை பெய்தால் காலுக்குக் கீழே சேறு. பிள்ளைகள் அடம்பிடித்தால் வேறொரு நாள் காலையில் நீ மட்டும் கூட்டிப்போ, பெரியவர்களை என்னிடம் விட்டுவிடு.

உடுப்பு விஷயம். பனி கொட்டும் என்று சித்தப்பா எதிர்பார்த்துக் கொண்டிருப்பார். லண்டனில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பெரும்பாலும் மழையும் காற்றும்தான். சித்தியைப் புடவையை மாற்றச் சொல்லாதே, உள்ளே தெர்மல், காலில் சாக்ஸோடு ஷூ, மேலே நீள கோட்டு, போதும். கடைகளுக்குள் வேர்க்கும், அதனால் சட்டென்று கழற்ற முடிகிற மாதிரி இருக்கட்டும். மங்கி கேப்பை சித்தப்பா விட மாட்டார், விடவும் வேண்டாம்.

ராத்திரிக்கு ரசமும் சாதமும் காலையிலேயே செய்து வைத்துவிடுங்கள். நான் 23 அன்று மதியம் லீவு போடலாம், டிரஃபால்கருக்கு வந்து சேர்ந்துகொள்கிறேன். சரியா என்று இந்த வாரத்துக்குள் சொல், அடுத்த வாரம் என் மேலாளர் ஊரில் இல்லை.

அன்புடன்,
அக்கா