மேட்டூர் சாம்பல் செங்கல்லுக்கு மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பல் என்றால் சேலத்துக்காரர்களுக்கு சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரியும் ஃபிளை ஆஷ் கல்லும்தான் ஞாபகம் வரும். இரண்டும் நல்லதுதான், ஆனால் அதே சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும், ஜியோலைட் என்ற, தண்ணீரிலுள்ள உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் நுண்துளைப் பொருளுக்கு வேண்டியதும் அவையே. காஸ்டிக் சோடாக் கரைசலில் சாம்பலைப் போட்டு 100 டிகிரி அளவில் ஒரு நாள் போல வைத்திருந்தால் அதன் கண்ணாடித்தன்மையான பகுதி கரைந்து, நுண்துளைகள் கொண்ட படிகமாகத் திரும்ப உருவாகிறது. 1980-களிலேயே ஜெர்மனியில் செய்து காட்டிவிட்டார்கள். மேட்டூரோ காஸ்டிக் சோடா தயாரித்துப் பழகிய ஊர்!

சேர்வராயன் மலை பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுத்தபின் மிஞ்சிய சிவப்புச் சேற்றிலும் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். அதில் இரும்பு அதிகம், சிலிக்கா குறைவு, அதனால் முதலில் சாம்பலைப் பார்ப்போம்.

இந்த ஜியோலைட்டை யார் வாங்குவார்கள்? தூரம் போக வேண்டாம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் முலாம் பூசும் இடங்களும் எத்தனை இருக்கின்றன, அந்தக் கழிவுநீரில் வரும் செம்பு, நிக்கல், துத்தநாகத்தை ஜியோலைட் தன்னிடமுள்ள சோடியத்தைக் கொடுத்துவிட்டுப் பிடித்துக்கொள்ளும். சயனைடு இருந்தால் அதை முதலில் தனியாக முறித்தாக வேண்டும். சாயப்பட்டறைக்கும் இதுவே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பருத்திக்குப் போடும் சாயங்களில் பெரும்பாலானவை எதிர்மின் தன்மை கொண்டவை, ஜியோலைட்டும் அப்படியே, நிறம் பெரிதாக இறங்காது.

சாம்பல் முழுதும் ஜியோலைட்டாக மாறிவிடாது என்பதும் உண்மை. சாம்பலில் ஏற்கெனவே படிகமாக இருக்கும் முல்லைட், குவார்ட்ஸ் இரண்டும் பெருமளவு அப்படியே தங்கிவிடும். சரி, கழிவுநீருக்குச் சுத்தமான சரக்கு எதற்கு?

கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மாவட்ட நிர்வாகம் அவர்களைக் கூப்பிட்டு, மேட்டூர் சாம்பலை வைத்து ஒரு சிறிய சோதனை ஆலை போட்டு, ஒரே ஒரு முலாம் பட்டறைத் தண்ணீரிலாவது ஓட்டிப் பார்க்கட்டும். மீதமாகும் காஸ்டிக் தண்ணீர் காவிரிக்குப் போகாமல் அடுத்த தடவைக்கே திரும்ப ஓட வேண்டும், இதில் சமரசம் கூடாது. அப்புறம், உலோகம் ஏறிய பழைய ஜியோலைட்டை யார் எடுத்துப்போவது என்பதையும் திட்ட அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது ஒரு ஏரிக்கரைக்குத்தான் வந்து சேரும்.

ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.