மெயில் சர்வர் பார்த்துக்கொள்ளும் சென்னை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அம்பத்தூர், கிண்டி, பெருங்குடி என்று இந்த ஊர் முழுக்கச் சிறு நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் தனி ஆளாக மெயில் சர்வரைக் கட்டிக் காக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

போன வருடம், அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு முகவரியிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மெயில் போனது. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் பணத்தை இங்கே போடுங்கள்" என்று. ஒருவர் சந்தேகப்பட்டுப் போன் செய்ததால் பணம் தப்பியது.

அன்று இரவு உட்கார்ந்து, சர்வர் தானாக எழுதிவைக்கும் பதிவான லாக்கைப் பின்னோக்கிப் படித்தேன். கடவுச்சொல் முயற்சி தொடங்குவதற்கு 11 நாள் முன்பே யாரோ எங்கள் ஆட்களின் பெயர்களைத் திரட்டி முடித்திருந்தார்கள். கார்த்திக் புள்ளி ஏ, கார்த்திக் புள்ளி பி என்று இசட் வரை. அப்புறம் பிரியா, அப்புறம் செந்தில். பெயரோடு இனிஷியல் சேர்த்து முகவரி கொடுப்பது நம் வழக்கம். அதனால் ஒரு பெயருக்கு 26 முறை கேட்டால் போதும். கேட்டதற்கெல்லாம் என் சர்வர் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது: இருக்கும் ஆளுக்கு 250 (சரி என்று பொருள்), இல்லாத ஆளுக்கு 550 (மறுப்பு) என்ற பதில் எண்.

1982இல், சர்வர்கள் மெயில் அனுப்பிக்கொள்ளும் எஸ்.எம்.டி.பி. விதிகளை எழுதியபோதே, இந்தப் பெயரில் ஆள் உண்டா என்று கேட்க வி.ஆர்.எஃப்.ஒய். என்றும், ஒரு குழு முகவரியைப் பிரித்துக் காட்ட இ.எக்ஸ்.பி.என். என்றும் கட்டளைகள் வைத்தார்கள். இன்று வெளியாருக்கு அவை தேவையே இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் வி.ஆர்.எஃப்.ஒய். கட்டளையை நிறுத்த ஒரே ஒரு வரிதான். அதேபோன்ற இன்னொரு மென்பொருளான சென்ட்மெயிலில் இரண்டையும் சேர்த்தே நிறுத்தலாம்.

ஆனால் என்னிடம் அது ஏற்கெனவே நிறுத்தித்தான் இருந்தது. அவர்கள் வந்தது, பெறுநர் யார் என்று சொல்லும் ஆர்.சி.பி.டி. கட்டளை வழியாக. மெயில் அனுப்புவதுபோல் தொடங்கி, பெறுநரின் பெயரைச் சொல்லி, பதிலைக் குறித்துக்கொண்டு, மெயிலை அனுப்பாமலே கிளம்பிவிடுவார்கள். இதை மூட முடியாது; மூடினால் மெயிலே வராது. சிலர் எல்லா முகவரியையும் வாங்கிக்கொண்டு பிறகு திருப்பி அனுப்புகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அனுப்புநர் முகவரி போலியாக இருக்கும். திரும்பும் மெயில் சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டியை நிரப்பும், உங்கள் சர்வரின் ஐபி முகவரி தடைப் பட்டியலுக்குப் போகும். இல்லாத ஆளை வாசலிலேயே மறுப்பதுதான் சரி. கேட்பவரின் வேகத்தைக் குறையுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே ஓர் இணைப்பில் 10 பிழை வந்தால் தாமதிக்கும், 20 வந்தால் துண்டிக்கும். என் வேலைக்கு அந்த எண்கள் தாராளம் என்று பட்டதால் பாதியாகக் குறைத்தேன். பல ஐபிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டால் இதுவும் போதாது, லாக்கை மனிதக் கண் பார்த்தே ஆக வேண்டும்.

வெப்மெயிலையும் பாருங்கள். "இந்தப் பயனர் இல்லை", "கடவுச்சொல் தவறு" என்று இரண்டு விதமாகச் சொல்கிறதா? கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற பக்கம் என்ன சொல்கிறது? வாசகம் ஒன்றாக இருந்தாலும் நேரம் காட்டிக்கொடுக்கும். ஆள் இருந்தால் மட்டுமே கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் வேலை ஓடுகிறது என்றால், அந்தச் சிறு தாமதத்தை அளந்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெயர்கள் கிடைத்தபின் ஒரே ஒரு எளிய கடவுச்சொல்லை எல்லாருக்கும் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு கணக்கில் ஒரே முயற்சி என்பதால் கணக்குப் பூட்டு விழாது. எங்களிடம் திறந்தது, ஓய்வு பெற்றுப் போன ஓர் அம்மாவின் கணக்கு. கணக்குப் பிரிவின் பொது முகவரியிலிருந்து மெயில் அனுப்பும் உரிமை அதற்கு இன்னும் இருந்தது. நிறுவனத்தின் பெயரும் வருடமும்தான் கடவுச்சொல். அந்தக் கணக்கை நான் எப்போதோ நீக்கியிருக்க வேண்டும்.

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் போட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதை வட்டில் கிடக்க விடாதீர்கள். இன்றே ஒரு மாத லாக்கை எடுத்து 550 என்று தேடுங்கள். உங்கள் ஊழியர்களின் பெயர்கள் இனிஷியல் மாறி மாறி வரிசையாக வந்தால், அன்றே எல்லாருடைய கடவுச்சொல்லையும் மாற்றச் சொல்லுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், போனவர்களின் கணக்கை நீக்குங்கள்.

அன்புடன்,
அம்பத்தூரிலிருந்து உங்களில் ஒருவன்