ரோப் பிளேடுக்கு ஹைட்ராலிக் போட்ட ஆண்டு: செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். பொதுக்குழுவுக்கு வர முடியாத உறுப்பினர்கள், முக்கியமாக ஓசூர், பெங்களூர் பக்கம் வேலையில் இருப்பவர்கள், சங்கத்துப் புல்டோசரில் மண் தள்ளும் பிளேடைத் தூக்கும் ரோப்பை மாற்றி, ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் போட்ட விஷயத்தை முழுசாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அதனால் இந்த வருஷ அறிக்கை கொஞ்சம் நீளம்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய தாள்களைக் கொடுத்துவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வரவேற்பு. ஏரி வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது என்பதால், விண்ணப்பம் எழுத உதவி வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இனி வண்டி. நம்மிடம் இருப்பது கேட்டர்பில்லர் டி7, 1955-க்கு முந்தைய மாடல். நாலு சிலிண்டர், முழு வேகத்திலும் நிமிடத்துக்கு 1000 சுற்றுதான், டீசல் இன்ஜினைக் கிளப்புவதற்கென்றே பக்கத்தில் ஒரு குட்டி பெட்ரோல் இன்ஜின், பிளேடு இல்லாமலே எடை சுமார் 11 டன். ஜேசிபியும் ஹிட்டாச்சியும் தெருவுக்குத் தெரு நிற்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளம் தோண்டவும் லாரியில் ஏற்றவும் அந்த வண்டிகள்தான் சரி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மேட்டு நிலத்து மண்ணைத் தள்ளிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் போட்டு மானாவாரிக் காட்டைச் சமன் செய்ய, செயின் வண்டியும் அகலமான பிளேடும்தான் வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையும் புல்டோசரை வாடகைக்குத் தருகிறது. என்றாலும் கோடை மழை விழுந்ததும் ராகிக்கும் கடலைக்கும் எல்லோருமே ஒரே நேரத்தில் நிலத்தைத் திருத்தப் பார்ப்பதால், சங்கத்துக்கு என்று சொந்தமாக ஒரு வண்டி இருப்பது பெரிய பலம்.

இந்த வண்டியில் பிளேடைத் தூக்கியது இரும்பு ரோப். பின்னால் இரண்டு டிரம் கொண்ட வின்ச், அதிலிருந்து அரை இன்ச் ரோப் டிரைவர் தலைக்கு மேலே போய், ரேடியேட்டர் கார்டில் (ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் காப்பு இரும்பில்) இருக்கும் கப்பிகளைச் சுற்றிப் பிளேடுக்கு வரும். அமெரிக்காவில் லெட்டூர்னோ என்பவர் 1920-களின் கடைசியில் கொண்டுவந்த ஏற்பாடு இது, ஹைட்ராலிக் பெருகும்வரை உலகம் முழுக்க இதை வைத்துத்தான் ரோடும் அணையும் போட்டார்கள். லீவரை இழுத்தால் கிளட்ச் பிடித்து டிரம் சுற்றும், பிளேடு ஏறும். விட்டால் பிரேக் பேண்டு பிடித்துக்கொள்ளும். இறக்க வேண்டுமா, பிரேக்கைத் தளர்த்தினால் போதும், பிளேடு தன் எடையில் இறங்கிவிடும்.

சிக்கலே அந்தத் தன் எடைதான். ரோப்பால் இழுக்க முடியும், தள்ள முடியாது. வண்டல் மண்ணிலும் ஏரிக்குள்ளும் பிளேடு தன் எடையிலேயே கடித்து இறங்கிவிடும். பென்னாகரம் பக்கத்துச் சுக்கான் நிலத்திலோ காய்ந்த கிராவலிலோ அது மேலாக வழுக்கிக்கொண்டு போகும். ஆபரேட்டர் பிளேடைத் தூக்கித் தொப்பென்று போட்டு, மறுபடி தூக்கி, மறுபடி போட்டு, வேலை செய்தவர்களுக்கு அந்த வலி தெரியும். இதோடு ரோப் தேய்மானம் வேறு. கப்பியில் மடங்கி மடங்கி இழைகள் முள் முள்ளாக நிற்கும், தேய்ந்த நீளத்தை வெட்டிவிட்டுப் புது ரோப்பை உள்ளே விட வேண்டும். நம் வண்டியின் பின் வின்ச்சுக்கு இன்ஜின் சக்தி மெயின் கிளட்ச் வழியாகத்தான் வருகிறது, அதனால் கிளட்சை விடுவித்தால் பிளேடும் நின்றுவிடும். ஓடை ஓரத்தில் வண்டியை நிறுத்திப் பிளேடைத் தூக்க வேண்டியவருக்கு அது நல்ல ஏற்பாடு இல்லை.

மாற்றலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்ததும் எதிர்ப்பும் வந்தது, அதையும் பதிவு செய்ய வேண்டும். நம் மூத்த ஆபரேட்டர் ஐயா, "ரோப் அறுந்தா காட்டுலயே மாட்டிக்கலாம் தம்பி, ஓஸ் வெடிச்சா டவுனுக்குத்தான் ஓடணும்" என்றார். அது உண்மை. ரோப் பிளேடு நிலத்தின் மேடு பள்ளத்துக்குத் தானாக ஏறி இறங்கி நல்ல பினிஷிங் தரும் என்றும் சொன்னார், அதுவும் உண்மை. அவர் சொன்ன இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினோம், அவர் பேச்சால் வண்டிக்குக் கிடைத்த நன்மை பெரியது.

இப்படிப்பட்ட மாற்றத்தில் எல்லோர் கண்ணும் பம்ப் மேலும் சிலிண்டர் மேலும்தான் போகும், எங்கே மலிவாகக் கிடைக்கும் என்பதே பேச்சாக இருக்கும். என் கருத்தில் அவை கடைசி. வண்டியின் உடம்பு முதலில். ரோப்பில் ஓடியவரை ரேடியேட்டர் கார்டு கீழ்நோக்கி இழுபட்டுக்கொண்டு இருந்தது. ஹைட்ராலிக் போட்டுப் பிளேடைக் கீழே அழுத்தும்போது, அதே கார்டை சிலிண்டர் மேல்நோக்கித் தள்ளும். இத்தனை வருஷம் இழுப்புக்கு மட்டும் பழகிய போல்ட்டும் தட்டும் இனி தள்ளலையும் தாங்க வேண்டும். பிளேடைத் தாங்கும் சி-பிரேமின் பின்பக்க மூட்டுகளுக்கும் இதே நிலைதான், அவற்றின் மூடிகள் பார்த்திராத பக்கத்திலிருந்து சுமை வரும். இதைக் கவனிக்காமல் சிலிண்டரைக் கார்டில் வெல்டு வைத்து ஓட்டினால், கார்டு விரிசல் விடும், அப்புறம் ரேடியேட்டரும் போகும்.

அதனால் சிலிண்டர் பிராக்கெட்டைக் கார்டோடு நிறுத்தாமல், இரண்டு பக்கமும் கனத் தகடு வைத்து மெயின் பிரேம்வரை கட்டினோம். வெல்டிங்குக்கு ஈரம் ஏறக் கூடாத 7018 ராடை அடுப்பில் காயவைத்தே எடுத்தோம், கனமான இடங்களை முதலில் சூடாக்கினோம். எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும், எங்கேயோ செயினில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். மூட்டு புஷ், பின் எல்லாம் புதிதாக லேத்தில் கடைந்தோம்.

அப்புறம்தான் கணக்கு. சிலிண்டர் இரண்டு, உள்விட்டம் 80 மில்லிமீட்டர், ராடு விட்டம் 45 மில்லிமீட்டர், அது வெளியே நீளும் தூரம் 80 சென்டிமீட்டர். 100 பார் அழுத்தத்தில் ஒரு சிலிண்டர் கீழே சுமார் 5 டன் அழுத்தும், இரண்டும் சேர்ந்து 10. தூக்கும்போது ராடு இருக்கும் பக்கம் பரப்பு குறைவு, அதனால் இரண்டும் சேர்ந்து 7 டன். பிளேடையும் சி-பிரேமையும் தூக்க இது தாராளம். கடைக்காரர்கள் 140 பாருக்கு வைக்கச் சொன்னார்கள். 14 டன் அழுத்தினால் 11 டன் வண்டியின் மூக்குதான் எழும்பும், பிளேடு அதற்கு மேல் இறங்காது, கூடுதல் அழுத்தம் மொத்தமும் பழைய இரும்பைத்தான் வாட்டும். அழுத்தம் அளவு மீறாமல் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வை 100-ல் வைத்துச் சீல் போட்டிருக்கிறோம். யாரும் தொட வேண்டாம், இது வேண்டுகோள் இல்லை, செயற்குழு முடிவு.

இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் பம்ப் பெரிதாக வேண்டும். டிராக்டர் பம்ப் இதற்கு எட்டாது. சுற்றுக்கு 80 சிசி கியர் பம்ப் போட்டால் 1000 சுற்றில் நிமிடத்துக்கு 80 லிட்டர். பிளேடு முழுசாக ஏற நாலு செகண்டுக்குச் சற்று மேல், இறங்க ஆறு செகண்டு. ரோப்பின் வேகத்துக்குப் பழகியவர்களுக்கு இது மெதுவாகத் தெரியும், ஆனாலும் கைக்கு அடங்கிய வேகம். 100 பாரில் இது இன்ஜினிடமிருந்து சுமார் 18 குதிரைசக்தி கேட்கும், அதுவும் லீவரைப் பிடித்திருக்கும் நேரத்துக்கு மட்டும். பம்பைக் கிராங்க் ஷாஃப்டின் முன்முனையிலிருந்து ஓட்டுகிறோம், இனி மெயின் கிளட்ச் விட்டாலும் பிளேடு கேட்கும். கியர் பம்ப் வாங்கும்போது எந்தப் பக்கம் சுற்றுவது என்று பார்த்து வாங்குங்கள், வலது இடது மாறினால் ஷாஃப்ட் சீலைத் தள்ளிவிடும்.

ஆயில் டேங்கைப் பின்னால் வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். பம்ப் முன்னால், டேங்க் பின்னால் என்றால் உறிஞ்சும் குழாய் நீளமாகும், பம்ப் மூச்சு வாங்கும், உள்ளே குமிழி வெடித்துக் கியரை அரிக்கும். அதனால் 120 லிட்டர் டேங்கை இன்ஜின் பக்கவாட்டில் பம்ப் மட்டத்துக்கு மேலேயே வைத்து, இரண்டு இன்ச் குழாய் போட்டோம். நம் ஊர் வெயிலுக்குச் சற்றுக் கெட்டியான விஜி 68 ஆயில்.

வால்வு விஷயத்தில் ஐயாவின் பேச்சு பலன் தந்தது. ஏற்ற, நிறுத்த, இறக்க என்ற மூன்றோடு நாலாவதாக மிதவை நிலை உள்ள ஸ்பூல் வால்வை (லீவரை அசைத்தால் ஆயிலின் வழியை மாற்றுவது)த் தேடி வாங்கினோம். அந்த நிலையில் சிலிண்டரின் இரண்டு பக்கமும் டேங்குக்குத் திறந்துகொள்ளும், பிளேடு தன் எடையில் நிலத்தோடு போகும், பழைய ரோப் பிளேடு போலவே. ரிவர்ஸில் இழுத்துச் சமன் செய்ய இதுதான் கருவி. ஓட்டிப் பார்த்துவிட்டு அவரே தலையாட்டினார்.

பின் வின்ச்சைக் கழற்றி இரும்புக் கடைக்குப் போடலாம் என்ற யோசனையையும் தள்ளிவிட்டோம். முன்னால் இரும்பு கூடியிருக்கிறது, பின்னால் இருப்பதை எடுத்தால் வண்டி மூக்கில் சாயும், செயின் ரோலர் முன்பக்கம் மட்டும் தேயும். ரோப்பை மட்டும் உருவிவிட்டு வின்ச் அங்கேயே நிற்கிறது. நாளைக்கு ஸ்கிரேப்பர் (வண்டிக்குப் பின்னால் இழுத்து மண் அள்ளும் கருவி) கிடைத்தால் அந்த டிரம் வேலைக்கு வரும்.

ஒரு பட்டறையில் வளைத்து வாங்கிய பைப்புகளின் உள்ளே வெல்டிங் பிசிறு ஒட்டியிருந்தது. முதல் ஓட்டத்துக்குப் பிறகு ரிட்டர்ன் ஃபில்டரை வெட்டிப் பார்த்தபோது மினுமினுவென்று இரும்புத்தூள். உடனே நிறுத்தி, பைப்பெல்லாம் கழற்றிச் சுத்தம் செய்து, ஆயிலை வடிகட்டி மறுபடி ஊற்றினோம். ஹைட்ராலிக்கைக் கொல்வது பாரம் இல்லை, அழுக்கு. ரோப் வண்டியைப் புழுதியோடு ஓட்டியது போல இதை ஓட்ட முடியாது. ஆயில் ஊற்றும் வாயைத் துடைக்காமல் மூடியைத் திறக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

சோதனை ஓட்டத்தைச் சுக்கான் நிலத்திலேயே வைத்தோம், எளிதான இடத்தில் வைத்து என்ன தெரியப்போகிறது. முன்பு வழுக்கிய இடத்தில் பிளேடு முனை கடித்து இறங்கி மண் சுருண்டு வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வேலை பார்த்த மெக்கானிக் தம்பிகள் செயின் பக்கத்திலேயே சாப்பிட்டு இரவும் பகலும் உழைத்தவர்கள், அவர்களுக்குச் சங்கம் கடன்பட்டிருக்கிறது. இன்னொரு வசதி, பிளேடை அழுத்தி வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி ரோலர் பார்க்கலாம். ஆனால் கீழே கட்டை அடுக்காமல் ஒருவரும் உள்ளே கை வைக்கக் கூடாது.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஓஸ் வெடித்தால் தூக்கிய பிளேடு அப்படியே விழும். வண்டியை நிறுத்தினால் பிளேடு தரையில் இருக்க வேண்டும், ஆயில் நிறுத்தி வைத்திருக்கிறது என்று நம்பி மேலே விட்டுப் போகக் கூடாது, ஸ்பூல் கசிவில் அது மெல்ல இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஓஸில் ஊசித் துளைக் கசிவு சந்தேகம் வந்தால் கையால் தடவாதீர்கள், அட்டையைக் காட்டிப் பாருங்கள். அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே பார்த்தால் எறும்புக் கடி அளவுதான் இருக்கும், ஆனால் விரலே போகலாம். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரி, அழுத்தத்தில் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு: பிளேடைச் சாய்க்க தனி சிலிண்டர் போடலாம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அதற்கு முன் செயின் பின்னும் கீழ் ரோலர்களும் தேய்ந்து கிடக்கின்றன, பணம் முதலில் அங்கே போக வேண்டும் என்பது என் பரிந்துரை. முன்பக்க ஓஸ் இரண்டுக்கும் ஒரு ஸ்பேர் செட் வாங்கி வண்டியிலேயே வைக்க அனுமதி கேட்கிறேன், டவுனுக்கு ஓடுவதைத் தவிர்க்க அதுவே வழி. புது லீவரில் பயிற்சி எடுக்காத யாருக்கும் வண்டியைக் கொடுப்பதில்லை என்ற முடிவுக்கும் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும். பயிற்சி கொடுக்க மூத்த ஆபரேட்டர் ஐயா சம்மதித்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையில், பெயர் கொடுக்க விரும்புபவர்கள் இணைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்
தருமபுரி